படகுக்காரிக்கு மூன்றா, ஐந்தா

படகுக்காரி என்று ஒருத்தி எங்கள் வீட்டைப் படுத்திய பாட்டை ஆபீஸில் யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். அவள் மனுஷியே இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டை. அதில் துடுப்போடு ஒரு பெண் படம், மேலே பெயர், மூலையில் ஓர் எண். அந்த எண்ணைப் போட்டவர் என் வீட்டுக்காரர். அது மூன்றாக இருக்க வேண்டுமா ஐந்தாக இருக்க வேண்டுமா என்ற கேள்வியில்தான் அவர் வேலை போக இருந்தது.

சீட்டாட்டக் கம்பெனி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். காசு வைத்து ஆடுவது இல்லை இது. ஆளுக்கு முப்பது சீட்டு, நமக்குப் பிடித்ததாக நாமே பொறுக்கி வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு இருபது உயிர். யாருக்கு முதலில் உயிர் தீர்கிறதோ அவர் தோற்றார். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் இருக்கிற எண், அந்தச் சீட்டை எத்தனையாவது சுற்றிலிருந்து இறக்கலாம் என்பதைச் சொல்லும். எண் சின்னதாக இருந்தால் சீக்கிரம் இறக்கலாம், சீட்டுக்குப் பலம் அதிகம். அவ்வளவுதான் விஷயம். இதற்குக் கடைக்குக் கடை சனிக்கிழமை போட்டி நடக்கிறது. காலேஜ் படிக்கிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பல் டாக்டர் ஒருவர், எல்லாரும் வந்து ஆடுகிறார்கள்.

எந்தச் சீட்டும் மற்றதை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர் வேலை. பலத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பதால் கம்பெனியில் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் கடைத் தராசுகளைச் சோதிக்கிற வேலையில் இருந்தவர். மனுஷருக்கு எல்லாமே இரண்டு தட்டும் சமமாக நிற்க வேண்டும். ஒரு பல் தேய்க்கும் பிரஷ் வாங்கப் போனால் இருபது நிமிஷம். ஆரஞ்சு வாங்கினால் ஒவ்வொன்றையும் இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்ப்பார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

நான் லிஃப்ட் கம்பெனியில் புகார் போன் எடுக்கிறவள். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் காலை ஒன்பது மணியிலிருந்து நயமாகப் பேச வேண்டும். என் பொறுமை மொத்தமும் அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டுக்கு வரும்போது சல்லிக்காசுக்கு மிச்சம் இருக்காது.

மூன்றாவது ஆள் என் அப்பா. முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். அம்மா போனபின், ரிட்டயர் ஆனதும், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்களோடேயே இருங்கள் என்றால், "மாப்ள வீட்ல வந்து நிரந்தரமா உக்காந்தா நல்லாருக்காதும்மா" என்பார். ஆனால் சாயங்காலம் ஆறு மணி அடித்தால் செருப்பு சத்தம் கேட்கும். அவரும் என் வீட்டுக்காரரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். "சாப்டீங்களா மாமா", "ஆச்சு மாப்ள", அதோடு பேச்சு முடிந்தது. பிறகு ஒன்றரை மணி நேரம் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவார்கள். நான் அந்த நேரத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வேன். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கம்பெனியில் ஒரு விதி. புதிதாக ஒரு சீட்டு வந்தால், அச்சுக்குப் போகுமுன், கம்பெனியைச் சேராத வெளியாள் ஒருவர் அதை வைத்துக்கொண்டு நாற்பது ஆட்டம் ஆட வேண்டும். சீட்டைச் செய்தவர் அது இல்லாமல் எதிரே ஆடுவார். ஆட்டம் ஆட்டமாக நோட்டில் எழுத வேண்டும். பாதிக்குப் பாதி வந்தால் சீட்டு சரி. முன்பெல்லாம் எதிர் வீட்டுத் தையல்காரர் வந்து ஆடுவார். அவர் வீடு மாறிப் போய்விட்டார். இந்த முறை என் வீட்டுக்காரர் பங்குக்கு வந்தது படகுக்காரி ஒருத்திதான். வேறு ஆள் எதற்கு, மாமாதான் தினம் வருகிறாரே என்று அவரையே வெளியாள் என்று எழுதிவிட்டார். மாமனார் எப்போது ஐயா வெளியாள் ஆனார்? தராசு பார்த்த மனுஷருக்கு அது தோன்றவில்லை.

படகுக்காரியை இறக்கினால், ஏற்கெனவே இறக்கிச் செத்துப் போன சீட்டுகளில் இரண்டைத் திரும்பக் கையில் எடுத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் முதலில் மூலையில் போட்ட எண் ஐந்து. அப்பா அதை வைத்துக்கொண்டு நாற்பதில் இருபத்தொன்பது ஆட்டம் தோற்றார். சீட்டு சொத்தையாக இருக்கிறது என்று நாலாகக் குறைத்தார். அப்பா இருபத்தாறு தோற்றார். மூன்றாகக் குறைத்தார். இருபதுக்கு இருபது வந்தது. "பாத்தியா, எப்படி நின்னுச்சு பாரு" என்று நோட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் பார்க்காமலே நல்லா இருக்குங்க என்றேன்.

அந்தச் சீட்டு அச்சாகிக் கடைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. யார் கையில் படகுக்காரி இருக்கிறதோ அவர்தான் ஜெயிக்கிறார் என்று எல்லா ஊரிலிருந்தும் புகார். பத்துக்கு ஏழு ஆட்டம் அவள்தான். வேறு சீட்டைத் தொடுகிறவன் இல்லை. பத்து வருஷமாக ஆடிய பல் டாக்டர், இனிமேல் இந்த ஆட்டமே வேண்டாம் என்று தன் சீட்டுகளை மூட்டை கட்டிக் கம்பெனி வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டு அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"கணக்கு சரியா இருக்கு. நூத்திருபது ஆட்டம் ஆடிருக்கேன். ஒண்ணொண்ணும் எழுதிருக்கேன்."

"அப்போ எழுதினதுல எங்கயாவது கை தவறிருக்கும். விடுங்க."

"கை தவறல. எனக்குப் பாக்கத் தெரியல, அவ்வளவுதான். கண்ணுக்கு முன்னால ஆடிருக்கு, மூணு போட்டா ஊரையே முழுங்கும்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

இப்படி ஒரு நாள் இல்லை, மூன்று வாரம். சோற்றில் கை வைத்தால் படகுக்காரி. குளித்துவிட்டு வந்தால் படகுக்காரி. எங்கோ ஒரு கடையில் 'விசில்' என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டு யாரோ ஒருத்தன் ஐந்து வாரமாகத் தொடர்ந்து முதல் இடத்தில் இருக்கிறானாம், அவனை வேறு தினமும் திட்டினார். "மனசாட்சி இல்லாதவன். நாலு படகுக்காரிய உள்ள வச்சு ஆடறான்." எனக்குத் தலை வலித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வந்து சொன்னார். திங்கட்கிழமை மேலாளர் அம்மா கூப்பிட்டிருக்கிறார், எப்படித் தப்பானது என்று விளக்க வேண்டும். விளக்கம் இல்லாவிட்டால் இந்த வேலையில் அவரை வைக்க மாட்டார்கள். "நான் விளக்கமெல்லாம் சொல்லப் போறதில்ல. என்னைய பேக்கிங் செக்‌ஷனுக்கு மாத்திடுங்கன்னு நானே கேட்டுடறேன். பெட்டில அடுக்கறதுக்கு நிதானம் இருந்தா போதும், புத்தி வேண்டாம்." சொல்லிவிட்டுத் தராசு வேலைக் காலத்திலிருந்து வைத்திருக்கிற கோப்பையில் தண்ணீர் குடித்தார். அழுதிருந்தால்கூட இரண்டு திட்டு திட்டியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் இருந்தார்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். அப்பா அவரிடம் வேண்டுமென்றே தோற்கிறார் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கேரம் ஆடும்போதே பார்த்திருக்கிறேன், குழிக்கு நேரே நிற்கிற காயை விட்டுவிட்டுப் பலகை ஓரத்தை அடிப்பார். இந்த மேஜையிலும் டீ வைக்கும்போது அப்பா கையை எட்டிப் பார்த்திருக்கிறேன், நல்ல சீட்டை விட்டுவிட்டு உதவாக்கரையை இறக்குவார். மாப்பிள்ளையிடம் மரியாதை, நமக்கென்ன என்று படுத்துக்கொண்டேன். அது சம்பளத்துக்கு ஆடுகிற ஆட்டம் என்பது எனக்கு உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் உறைத்தது. உறைத்ததும் என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சனிக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அறைக்குப் போனேன், பூட்டு. பக்கத்து அறைக்காரர், "சனிக்கிழமை அவரு ஏன் இங்க இருக்கப் போறாரு? சைக்கிள் கடை மாடில சீட்டு விளையாடறாங்களே, அங்க பாருங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாடி ஏறினேன். நீள நீளமாக மேஜை போட்டு நாற்பது ஐம்பது பேர், எல்லாம் இருபது வயதுக்காரர்கள். நடுவே என் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையோடு. எதிரே இருந்த தாடிக்காரப் பையன் முகம் செத்துப் போயிருந்தது. அப்பா யோசிப்பதே இல்லை. அவன் என்னென்ன இறக்கினான், கையில் என்ன மிச்சம் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். முப்பத்தோரு வருஷம் நெரிசல் பஸ்ஸில் யார் எங்கே ஏறினார்கள், யார் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்று ஞாபகம் வைத்திருந்த மண்டை அது. கடைசிச் சீட்டை வைத்துவிட்டு, பஸ்ஸைக் கிளப்புகிற மாதிரி பல்லிடுக்கில் மெல்ல ஒரு விசில் அடித்தார்.

சுவரில் எழுதியிருந்த பலகையைப் பார்த்தேன். முதல் இடம், விசில். எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை.

படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"அப்பா, எவ்வளவு நாளா நடக்குது இது?"

"சும்மா பொழுதுபோக்கும்மா. மாப்ளகிட்ட சொல்லிடாத."

"ஊர்ல இருக்கறவனையெல்லாம் ஜெயிக்கறீங்க. அவருகிட்ட மட்டும் ஏம்பா தோக்கறீங்க?"

"மாப்ளைய உக்கார வச்சு தோக்கடிச்சா நல்லாவாம்மா இருக்கும்? அதுவும் அவரு வீட்டு மேஜையில."

"அவரு ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்ல எழுதறாரே, அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஜெயிச்சத எழுதி வச்சுக்கறாரு, ஒரு சந்தோஷத்துக்குன்னு நெனச்சேன். பாவம், அவருக்கும் வெளிய அவ்வளவா ஒண்ணும் கிடையாதே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நோட்டு எதற்கு, எண் எப்படி ஐந்திலிருந்து மூன்றானது, திங்கட்கிழமை என்ன நடக்கப் போகிறது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதான் பாத்தேன்" என்றார் கடைசியில். "மூணுன்னு போட்டதுக்கப்புறம் தோக்கறதே பெரும்பாடாப் போச்சும்மா. என்ன தப்பா ஆடினாலும் அவ ஜெயிச்சுக் குடுத்துடறா. பாதி ஆட்டம் என்னால தோக்கவே முடியல."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் உட்கார வைத்தேன். அவர் வானிலை பற்றிப் பேசினார். முழங்கால் வலி பற்றிப் பேசினார். எனக்குத் தாங்கவில்லை. "அப்பா உங்ககிட்ட விட்டுக்குடுத்துதான் ஆடிருக்காரு. அந்த விசிலும் இவருதான்" என்று நானே போட்டு உடைத்தேன்.

என் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்துபோய் நோட்டை எடுத்து வந்தார்.

"எத்தனாவது ஆட்டத்துலேர்ந்து மாமா?"

"மொதல் ஆட்டத்துலேர்ந்துதான் மாப்ள."

"கேரம்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "அதுவும்தான்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவர் மனதுக்குள் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். வேறு என்ன சொல்ல. அவர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக் கோடு போட்டார்.

"சரி. இன்னிக்கு நெஜமா ஆடுங்க."

முதலில் படகுக்காரியே இல்லாமல் பத்து ஆட்டம். அப்பா ஏழு ஜெயித்தார். ஒவ்வொரு தடவை ஜெயித்ததும் "மன்னிச்சுக்கங்க மாப்ள" என்று வேறு சொன்னார். அதைச் சொல்லாதீர்கள் என்று நான் அடுப்படியிலிருந்து கத்தினேன். பிறகு மூன்று என்ற எண்ணோடு படகுக்காரியை என் வீட்டுக்காரர் கையில் வைத்துக்கொண்டு பத்து ஆட்டம். எட்டு இவர் ஜெயித்தார். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. எண்ணை நாலாக்கி ஆடினார்கள். இவர் ஆறு. ஐந்தாக்கி ஆடினார்கள். இவருக்கு மூன்று, அப்பாவுக்கு ஏழு. படகுக்காரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே ஏழு, அதே மூன்று.

மணி ஐந்தரை. மதியச் சோறு அப்படியே காய்ந்துபோய்க் கிடந்தது. என் வீட்டுக்காரர் பேனாவை வைத்தார்.

"அஞ்சுதான்" என்றார். "நான் மொதல்ல போட்டதே சரி. எனக்குப் பாக்கத் தெரிஞ்சுதான் இருக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே நாளில் இருபது ஆட்டம் முழுப் பலத்தோடு மாமனாரிடம் அடி வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. உடனே, சாப்பிடுகிறீர்களா இல்லையா என்று இருவரையும் அதட்டினேன்.

திங்கட்கிழமை அவர் நோட்டின் பழைய பக்கங்களையும் புதுப் பக்கத்தையும் மேலாளர் அம்மாவிடம் விரித்துவைத்து நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா கதையை மூன்று தடவை கேட்டாராம், மூன்று தடவையும் சிரித்தாராம். வேலை போகவில்லை. இனி போட்டிகளில் படகுக்காரியின் எண்ணை ஐந்து என்று கொள்ளவும் என்று எல்லாக் கடைக்கும் அறிவிப்பு போனது. பல் டாக்டர் வந்து மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். சோதனைப் படிவத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது: 'ஆடுபவர் உறவினர் அல்ல.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். வேலை தங்கியதே என்று அன்றைக்கு நான் லிஃப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு பேருக்கு, ஆள் போய்ச் சேருமுன், போனிலேயே ஜோக் சொன்னேன்.

ஆனால் ஆறு மணிக்குச் செருப்பு சத்தம் கேட்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம். கேட்டால் முழங்கால் என்பார். படகுக்காரிக்கு ஐந்து என்று ஆனபின் சைக்கிள் கடை மாடியில் அவர் ஆறாவது இடத்துக்கு இறங்கியிருந்தார், அந்த வருத்தம் கொஞ்சம். மீதி என்ன என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரோ ஆறு மணி ஆனால் மேஜையைத் துடைப்பார். துடைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பார். இந்த இரண்டு ஆம்பளைகளையும் கட்டி மேய்க்க எனக்கு என்ன தலையெழுத்து என்று நொந்துகொண்டே ஐந்தாவது வாரம் போய் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"சோதனை ஒண்ணும் இல்ல மாமா. சும்மா ஆடலாம்" என்றார் இவர்.

"ஆடலாம் மாப்ள."

"விட்டுக்குடுக்கக் கூடாது."

"சத்தியமா இல்ல."

நான் படுக்கப் போகவில்லை. நாற்காலியை இழுத்து அப்பா பக்கத்திலேயே போட்டுக்கொண்டு, கையில் வந்த ஒவ்வொரு சீட்டையும் பார்த்தேன். முதல் ஆட்டம் அப்பா ஜெயித்தார். இரண்டாவதும் அப்பா. மூன்றாவதில் என் வீட்டுக்காரர் எதையோ கண்டுபிடித்துவிட்டார். அப்பா இறக்கப் போவதை அவர் முன்கூட்டியே எதிர்பார்த்து மடக்கினார். அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார், நாற்காலி நுனிக்கு வந்தார், இருந்த நல்ல சீட்டையெல்லாம் இறக்கிப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. கடைசி உயிரும் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்பா உயிரைக் கொடுத்து ஆடித்தான் தோற்றார்.

"போங்க மாப்ள, கவுத்துட்டீங்க" என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார். தோற்று அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "கையில என்ன வச்சிருந்தீங்க?" என்றார்.

அப்பா கையில் இருந்த இரண்டு சீட்டையும் மேஜையில் விரித்துக் காட்டினார். இரண்டும் அந்த நேரத்துக்கு உதவாதவை.

"நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேங்க. நெஜமாவே நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றேன்.

"ம்" என்றார். கையை நீட்டி, அப்பா ஆடிப் போட்டிருந்த குவியலைத் தன் பக்கம் இழுத்தார். மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். "ஆறாவது சுத்துல இத ஏன் இறக்கினீங்க? அப்ப கையில வேற நல்லது இருந்திருக்குமே."

"இல்ல மாப்ள. அதான் இருந்துச்சு."

"அஞ்சாவதுல?"

அப்பாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. மேஜைமேல் விரித்த சீட்டுகளை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இனிமே நான் எப்படித் தோத்தாலும் நீங்க நம்பப் போறதில்ல, இல்ல மாப்ள?"

"சேச்சே, நம்பறேன் மாமா" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டைத் திருப்பினார்.